படிக்காமல் விட்ட எட்டுப் பக்கங்கள்

செல்விக்கும் பாண்டிக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் எங்கள் வாசிப்பகத்தில் ஒலிப்பதிவு அறையைப் பூட்டிவிட்டார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. இப்போது ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்தால் போனே கடகடவென்று படித்துவிடுகிறது. கண் தெரியாதவர்கள் ஒரு பழைய நாவலைக் கேட்பதற்கு, என்னைப் போன்ற ஆள் இருமி முடிக்கும்வரை மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. நல்லதுதான். கடைசி நாளில், சம்பளம் வாங்காமல் படித்துக்கொடுத்த எங்கள் ஒன்பது பேருக்கும் சால்வை போர்த்தினார்கள். ஆளுக்கொரு மெமரி கார்டும் தந்தார்கள். அவரவர் படித்ததைக் கேட்டவர்கள் நன்றி சொல்லிப் பேசியது அதில் இருக்கிறது. நினைவு மலர் ஒன்று போடப்போவதாகவும், என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தரும்படியும் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கார்டைப் போனில் போட்டுக் கேட்டேன். அலங்காநல்லூரிலிருந்து ஊதுபத்தி விற்கிறவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "அண்ணே, மொத நாளு உங்க குரலைக் கேட்டதும் எம்மேல ஏதோ கேசு இருக்குன்னு எந்திரிச்சு நின்னுட்டேன். அம்புட்டுக் கணீர்னு கூப்பிட்டீக." கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் சொல்கிறாள்: "நீங்க படிச்சா யாரும் எனக்குப் பரிதாபப்பட்டுப் படிச்ச மாதிரி இருக்காது சார். புக்குல என்ன இருக்கோ அதுதான் வரும்." இப்படி இருபத்தேழு பேர். சொன்னது எல்லாம் சுற்றிச் சுற்றி ஒன்றுதான். உள்ளதை உள்ளபடி படித்தீர்கள்.

கடைசியில் இருந்தது பேச்சியம்மாளின் குரல். ஒரே வரி. "அண்ணே, அந்த எட்டுப் பக்கத்துக்கு நன்றி."

அதற்குமேல் மலருக்கு எழுத என்னால் முடியவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொள்ள இன்னும் ஒரு இடத்தில் எனக்கு யோக்கியதை இல்லை. அந்த இடம் நம் வீடு. உங்கள் அம்மா விஷயத்தில் நான் உங்களிடம் படிக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஏழு வருஷம் ஆகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். சுருக்கமாக எழுதத் தெரியாது. தொழிலிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வரும்.

எட்டாவது சான்றிதழை வைத்துத்தான் கோர்ட்டில் டவாலியாகச் சேர்ந்தேன். வெள்ளை உடுப்பு, தோளில் குறுக்காகச் சிவப்புப் பட்டை. நீதிபதி வரும்போது முன்னால் நடக்க வேண்டும். வழக்கு எடுக்கும்போது வாசலில் நின்று கட்சிக்காரர் பெயரைக் கூப்பிட வேண்டும். பார்ப்பவர்களுக்கு இது ஒரு வேலையா என்று இருக்கும். ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, படியேறி வருகிற அளவுக்கு நேரம் விட வேண்டும். மூன்றாவது தடவைக்கும் ஆள் வரவில்லை என்றால்தான் "ஆஜரில்லை" என்று உள்ளே சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் அப்போதைய சிரஸ்தார். கோர்ட் அலுவலகத்துக்கு அவர்தான் தலைமை. ஒல்லியான மனுஷர். யாரையும் சத்தம் போட்டுத் திட்டமாட்டார். பேனாவை மூடிவிட்டு நம்மையே பார்ப்பார். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம். "பேரை முழுங்காதய்யா. சோத்தையா முழுங்குற? அது ஒருத்தன் பேரு" என்பார்.

சேர்ந்த இரண்டாம் வருஷம் நான் முழுங்கினேன். சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டது. பட்டியலில் கடைசிப் பெயர் ஒச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர், வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அடிதடி வழக்கு. நான் வாசலுக்குப் போய் மூன்று தடவையையும் ஒரே மூச்சில் சங்கிலி மாதிரி கூப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஆஜரில்லை என்றேன். பிடிவாரண்ட் எழுதினார்கள். அவர் மரத்தடியில்தான் இருந்தார். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்து, இன்றைக்குக் கூப்பிடவில்லை போலிருக்கிறது என்று ஊருக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் ஆட்டுக் கிடையிலிருந்து போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. ஜெயிலில் சில நாள் இருந்தார்.

அடுத்த வாய்தாவுக்கு வந்தவர் என்னைப் பார்த்து ஒன்றும் கோபப்படவில்லை. அதுதான் இன்றுவரை தாங்கமாட்டாதது. தாடியைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "காது கொஞ்சம் மந்தம்தேன். ஆனாலும் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனேப்பா."

அன்றைக்கு இடைவேளையில் சிரஸ்தார் என்னை வேப்பமரத்தடிக்குப் போகச் சொன்னார். அவர் வாசலில் நின்று, நான் கூப்பிட்ட மாதிரியே ஒரு பெயரை ஒரே மூச்சில் மூன்று தடவை சொன்னார்.

"என்ன பேரு கேட்டுச்சு?"

"சரியா விழுகல சார்."

"அங்கதான் அவர் உக்காந்திருந்தார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை நான் ஒரு பெயரைக்கூட முழுங்கவில்லை. கோர்ட்டில்.

ரிட்டயர் ஆன மறு வருஷம் உங்கள் அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிய பிறகு வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும்தான் சத்தம் போட்டது. பழைய வக்கீல் குமாஸ்தா ஒருவர்தான், "குரல் சும்மா கிடக்குதேண்ணே, கண்ணு தெரியாதவுகளுக்குப் புத்தகம் படிச்சுக் குடுக்கலாம்ல" என்று செல்லூரில் இருக்கும் வாசிப்பகத்துக்குக் கூட்டிப் போனார்.

அதை நடத்தியவர் ஞானசேகரன் சார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பிறவியிலேயே கண் தெரியாது. முதல் நாள் என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். சாவி, சில்லறை, மாத்திரை அட்டை எல்லாம் வெளியே வைக்கச் சொன்னார். "கஞ்சி போட்ட சட்டை வேண்டாம். நீங்க மூச்சு விட்டா அது மொறுமொறுங்குது. நாளைக்குப் பழைய சட்டையில வாங்க" என்றார். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. சாப்பாட்டு நேரத்தில் தறி நிற்கும் ஒன்றரை மணி நேரம்தான் எங்களுக்கு ஒலிப்பதிவு. ஃபேன் கிடையாது. ஜன்னலில் பழைய மெத்தையை வைத்து அடைத்திருந்தார்கள். வேர்த்து வேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரு பக்கம் முடிகிறதற்கு நாலு வரி முன்பே மூலையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். திருப்புகிற சத்தம் வரக் கூடாது. தப்பாகப் படித்தால் மேஜையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். வெட்டி ஒட்டுகிறவர் அந்தத் தட்டலைத் தேடிப் பிடிப்பார். ஒவ்வொரு பகுதி ஆரம்பிக்கும்போதும் பக்கம் இத்தனை முதல் என்று சொல்ல வேண்டும். முடிக்கும்போது பக்கம் இத்தனை வரை என்று சொல்ல வேண்டும். சார் எதிரில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். வலது கை ஆள்காட்டி விரல் எழுந்தால் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

ஒரு தடவை ஒரு கதையில் தாய் சாகிற இடத்தில் என் குரல் கம்மிவிட்டது. விரல் எழுந்தது.

"என்ன சார், தப்பாப் படிச்சேனா?"

"தப்பில்லை. நீங்க அழுதுட்டா நாங்க எப்ப அழுகுறது? அந்த இடத்தை எங்களுக்கு விடுங்க. திரும்பப் படிங்க."

அப்படிப் படித்ததில் நாலு வருஷம் ஓடியது. எல்லாம் பழைய நாவல்கள், தடிதடியானவை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பகுதியைக் கேட்பவர்களின் போனுக்கு அனுப்புவோம். திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகக் குரல்செய்தி அனுப்புகிறவள் பேச்சியம்மாள்.

உசிலம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம் அவளுக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் தங்கராசுவும் அவளும் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஒரே கொட்டகையில் வேலை பார்த்தார்கள். ரசாயனப் பீப்பாய் ஒன்று வெடித்ததில் அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. புருஷன் இறந்துவிட்டான். அம்மா வீட்டுக்கு வந்து தம்பி சின்னச்சாமியோடு இருந்தாள். சார் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

அவள் பேச்சில் துக்கம் இருக்காது. "அண்ணே, இந்த வாரம் மூக்கடைப்பா? 'ம'னாவெல்லாம் 'ப'னாவா வருது. மிளகு தட்டிப் போட்டுக் குடிங்க" என்பாள். "அந்த மாமியாக்காரியை நீங்க படிக்கையில எங்க பக்கத்து வீட்டு அத்தை அப்பிடியே கண்ணு முன்னாடி வாராக. எனக்குக் கண்ணுதேன் இல்ல, ஆனாலும் வாராக" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது ஒரு வண்டிக்காரனும் அவன் பெண்டாட்டியும் வருகிற நாவல். கரிசல் காட்டில் கதை. பஞ்ச காலத்தில் வண்டிக்காரன் கடற்கரைப் பக்கம் பாரம் ஏற்றப் போகிறான். போனவனைக் காணவில்லை. நூறு பக்கத்துக்குமேல் அவள் காத்திருக்கிறாள். முந்நூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில், தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டு அவள் வாசலுக்கு ஓடி வருகிறாள். அந்தப் பகுதி அங்கே முடிந்தது.

திங்கட்கிழமை பேச்சியம்மாள் பேசினாள். "அண்ணே, வந்துட்டாருல்ல வண்டிக்காரரு? நீங்க முன்னாடியே படிச்சிருப்பீக. சொல்லாதீக, சொல்லாதீக. அடுத்த வாரம் கேட்டுக்கிறேன். எனக்கு அவுக வந்துட்டாப் போதும்."

வண்டியில் வருவது பிணம். முந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து முந்நூற்றுப் பத்தொன்பதுவரை எட்டுப் பக்கம், வேறு எதுவும் இல்லை. அவள் அவனைத் தொட்டுப் பார்ப்பது, கழுவுவது, ஊர்க்காரர்கள் தூக்குவது. முந்நூற்று இருபதில் கதை ஐந்து வருஷம் தள்ளி ஆரம்பிக்கிறது.

அந்த வாரம் சாருக்குக் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அறைச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எதிரில் விரல் இல்லை. நான் முந்நூற்றுப் பன்னிரண்டை மனசுக்குள் படித்தேன். தறி நின்றிருந்தது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அந்த எட்டுப் பக்கத்தையும் சத்தம் வராமல் திருப்பினேன். சத்தம் வராமல் திருப்பத்தான் எனக்கு நன்றாகப் பழகியிருந்ததே. இனி வருகிறதில் அவன் செத்த சேதி பட்டும் படாமலும்தான் இருக்கிறது, கேட்கிறவர்கள் அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. "பக்கம் முந்நூற்று இருபது முதல்" என்றேன்.

எட்டுப் பக்கத்தை மறைக்க முடிந்தவனுக்குப் பக்க எண்ணில் பொய் சொல்ல வாய் வரவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு முந்நூற்று இருபதைப் படித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் காகிதத்தில் இருக்கிற பெயரை, எண்ணை அப்படியே சொன்ன வாய். அது தானாகச் சரியாகச் சொல்லிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை செய்தி வரவில்லை. செவ்வாய்க்கிழமை போனே வந்தது.

"அண்ணே, பேச்சியம்மா பேசுறேன். போன வாரம் முந்நூத்தி பதினொண்ணுல முடிச்சீக. இந்த வாரம் முந்நூத்தி இருபதுல ஆரம்பிச்சிருக்கீக. நடுவுல எட்டுப் பக்கம் எங்கண்ணே?"

"அது... புத்தகத்துல கிழிஞ்சிருந்துச்சும்மா."



"நீங்களுமாண்ணே?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஞானசேகரன் சாரிடம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். முழுவதையும் கேட்டார். விரல் எழவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"கண்ணு இருக்கிறவங்க பிடிக்கலைன்னா பக்கத்தைத் தாண்டிப் போவாங்க. அது அவங்க இஷ்டம். நாங்க உங்க விரலை நம்பி உக்காந்திருக்கோம். நீங்க எங்களுக்குப் பதிலா தாண்டிட்டீங்க" என்றார். பிறகு, "கிழிஞ்சிருந்துச்சுன்னு வேற சொன்னீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எட்டுப் பக்கத்தையும் படிச்சு எல்லாருக்கும் அனுப்புங்க. ஏன் விட்டீங்கன்னு முதல்ல உங்க குரல்ல சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்குப் போன்ல அனுப்பாதீங்க. நேர்ல போங்க."

மற்றவர்களுக்கெல்லாம் சார் சொன்னபடியே படித்து அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ். கடலைக் காடு மழையில்லாமல் சுருண்டு கிடந்தது. வீட்டு வாசலில் தம்பி சின்னச்சாமி மறித்துக்கொண்டான்.

"நீங்கதான் கதை படிக்கிறவரா? அக்கா ஒரு வாரமா யாரு கூடவும் பேசல சார். சோறு இறங்கல. தயவு செஞ்சு போயிருங்க. அதை நிம்மதியா விடுங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நிம்மதியப் பத்தி நீ பேசாதடா. அவுகளை உள்ள விடு. நீயும் வந்து உக்காரு."

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பாதி தீய்ந்திருந்தது. அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கிழிஞ்ச பக்கம் கிடைச்சிருச்சாண்ணே?"

"கிழியலம்மா. நான்தான் படிக்காம விட்டேன். உனக்குத் தாங்காதுன்னு."

"தெரியும்" என்றாள். "எனக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு என்னையத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

பிறகு சொன்னாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"எனக்கு ஆஸ்பத்திரியில முழிப்பு வந்தப்ப அவரு செத்து அஞ்சு நாளாச்சு. இவங்க யாரும் சொல்லல. ஆம்பளை வார்டுல இருக்காருன்னாக. அப்பறம் சென்னைக்குக் கொண்டு போயிருக்குன்னாக. நான் தம்பிகிட்டச் சேதி சொல்லி விடுவேன், அவன் பதில் கொண்டாருவான். 'மாமா உன்னைய நல்லா சாப்பிடச் சொன்னாரு'ன்னு. கருமாதியும் முடிச்சுட்டாக. தாலியக் கழட்டுனா எனக்குத் தெரிஞ்சிரும்னு கழுத்துலயே விட்டுட்டாக. நாப்பது நாள்ணே. நாப்பது நாளும் நான் செத்தவருக்குச் சேதி சொல்லி விட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

"அக்கா, அப்ப டாக்டரு..." என்றான் சின்னச்சாமி.

"நீ இரு. அப்பறம் உதவித் தொகைக்குக் கைநாட்டு வைக்கணும்னு ஒரு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாக. அங்க ஒரு ஆளு, யாருன்னே தெரியாது, 'கண்ணு தெரியாதவுகளுக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் கைநாட்டு வாங்கணும்'னு சொல்லிப் படிச்சாரு. ரேஷன் கார்டுல பேர் நீக்கம். பேரு தங்கராசு. காரணம் இறப்பு." அவள் அதை அந்த ஆள் படித்த மாதிரியே, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "எழுதியிருந்ததை அப்பிடியே படிச்ச ஒரே ஆளு அவருதான். அதுக்கப்புறம் நீங்க. அதனாலதான் திங்கக்கிழமை திங்கக்கிழமை உங்களுக்குப் பேசுனேன்."

நான் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு முதல் என்று ஆரம்பித்தேன். வெளியே ஒரு மாடு கத்தியது, ஃபேன் சுற்றியது, சட்டைப் பையில் சில்லறை கிடந்தது. எந்த முறையும் அங்கே இல்லை. வண்டி வாசலில் நிற்கிற இடம், வைக்கோலை விலக்குகிற இடம், அவள் அவன் காலைத் தொட்டுப் பார்த்து அடையாளம் காண்கிற இடம். மூன்று தடவை, "நிறுத்துங்கண்ணே, அதைத் திரும்பப் படிங்க" என்றாள். படித்தேன். சின்னச்சாமி தேம்ப ஆரம்பித்தான். அவள் அழவில்லை. பக்கம் முந்நூற்றுப் பத்தொன்பது வரை என்று சொல்லி மூடினேன்.

"அவ குடுத்து வச்சவ" என்றாள். "வண்டி வாசலுக்கு வந்துச்சு. அவளே தொட்டுப் பாத்தா. அவளே கழுவுனா."

தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தம்பியை எழுப்பினாள். நான் குடித்து முடித்ததும், "முந்நூத்தி இருபதுல இருந்து நான் கேட்டுட்டேன். அடுத்ததை எப்பவும் போல ஞாயித்துக்கிழமை அனுப்புங்க. கிளம்புங்கண்ணே, மூணு மணி பஸ்ஸை விட்டா அப்பறம் அஞ்சுக்குத்தான்" என்றாள். படியிறங்கும்போது கூப்பிட்டாள். "வேற யாருக்காச்சும் இப்பிடித் தாண்டிப் படிச்சிருக்கீகளாண்ணே?"

இல்லையம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் பொய்.

செல்வி, பாண்டி, இனி எழுதுவது நான் தாண்டிய பக்கம்.

உங்கள் அம்மா திடீரென்று போய்விட்டாள் என்று சொன்னேன். திடீரென்று இல்லை. வயிற்றில் கட்டி, ஈரலுக்குப் பரவிவிட்டது, ஐந்தாறு மாசம்தான் என்று தை மாசமே டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் தெரியும். அவள்தான், "புள்ளைகளுக்குச் சொல்லுங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றாள். செல்வி, உனக்கு முதல் கரு கலைந்து, இரண்டாவது அப்போதுதான் தங்கியிருந்தது. பாண்டி, நீ துபாய்க்குப் போய் இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. நான் சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் தாங்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இது பாதிதான். மீதி இன்னும் மோசம். உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். செல்வியை டாக்டர் பிரயாணம் செய்யக் கூடாது என்றிருக்கிறார், பாண்டிக்கு லீவு தரவில்லை, இரண்டு பேரும் சீக்கிரம் வருவார்கள் என்றேன். "போன்ல நோவைப் பத்திப் பேசாதே, புள்ளைக உடைஞ்சு போகும்" என்று அவளைக் கேட்டுக்கொண்டேன். அவளும் பேசவில்லை. வாரா வாரம் நீங்கள் போன் பண்ணும்போது அவள் உங்களிடம் நார்த்தங்காய் ஊறுகாயைப் பற்றிப் பேசினாள். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைப் பற்றிப் பேசினாள். நீங்களும் சிரித்துச் சிரித்துப் பேசினீர்கள், தெரியாததால். அவள் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "பாருங்க, ரெண்டும் எம்புட்டுத் தைரியமாப் பேசுதுக. ஒரு தடவ கூட குரல் உடையல. எனக்காகத்தான் அடக்கிக்கிட்டு இருக்குக."

கடைசி இரண்டு நாள் அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாண்டி, செல்வி" என்று கூப்பிட்டாள். சத்தம் கட்டிலைத் தாண்டிப் போகவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது. "வந்துக்கிட்டு இருக்காக" என்றேன். "சரி" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

செல்வி, நீ எட்டு மாச வயிற்றோடு கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கினாய். பாண்டி, நீ மறுநாள் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நீ கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

"கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்லப்பா."

ஒச்சப்பன் சொன்ன அதே வார்த்தை. நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு, "திடீர்னு ஆயிருச்சுப்பா" என்றேன்.

ஊரில் எவனெவன் பெயரையோ வாசலில் நின்று கூப்பிட்டுச் சம்பளம் வாங்கினேன். கூப்பிட வேண்டிய இரண்டு பெயரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

இதைப் போனில் படித்து அனுப்பலாம் என்று நினைத்தேன். நேரில் சொல்வதுதான் முறை. ஆனால் நேரில் என்றால் நான் மறுபடியும் எதையாவது தாண்டிவிடுவேன் என்று பயந்து எழுதிவிட்டேன். அம்மா உங்கள்மேல் கோபமாகப் போகவில்லை என்று எழுத ஆசை. அவள் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. "சரி" என்றாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பாண்டி, செல்வி, வாருங்கள். என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள். அந்த ஆறு மாசத்தில் எந்த நாளைப் பற்றிக் கேட்டாலும் உட்கார்ந்து சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் போன் பண்ணிக் கூப்பிடுவேன். எடுக்கவில்லை என்றால் நேரம் விட்டு மறுபடியும் கூப்பிடுவேன். அதற்கும் எடுக்காவிட்டால், இன்னும் கொஞ்சம் நேரம் விட்டு, மூன்றாவது தடவையும் கூப்பிடுவேன்.

அப்பா